எழுபத்தொன்பதாம் கட்டம்

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டாங்கரும் வரவில்லை. இரண்டு குடம் மிச்சம் இருந்தது, அதிலேயே சமையலை முடித்தோம்.

சாயங்காலம் ஷ்ரேயா புது அட்டை ஒன்று கொண்டுவந்தாள். என் மகன் சரவணனுடைய பெண். பகலில் ஆபீஸ் வேலை. வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை. பாம்பும் ஏணியும் ஆட்டத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி வரைந்து விற்கிறாள். கல்யாண வீட்டுக்கு ஒரு மாதிரி, பிறந்தநாளுக்கு ஒரு மாதிரி. இன்றைக்கு வந்தது பெங்களூர் டிராபிக் அட்டை. ஏணியெல்லாம் மெட்ரோ. பாம்பெல்லாம் ரோடு. மழைத் தண்ணீர் நிற்கிற சப்வே ஒரு பாம்பு, தோண்டிவிட்டு மூடாத பள்ளம் ஒரு பாம்பு. சில்க் போர்டு சிக்னல் தொண்ணூற்றெட்டில். அதில் போய் நின்றால் நேராக மூன்றுக்கு இறங்க வேண்டும்.

விற்பதற்கு முன்னால் என்னோடு ஆடிப் பார்ப்பாள். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதால். மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டு நான் ஜெயித்தேன்.

"மூணாவது ஆட்டத்துல ஆறு விழுந்ததுக்கு நீ ரெண்டு தடவ மறுபடி உருட்டினே" என்றேன்.

"எப்ப பாட்டி?"

"இருபத்தேழுல நின்னப்ப."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து காத்திருக்கிற க்ளினிக்குக்கு ஒரு அட்டை வேண்டுமாம். ஒரு டாக்டர் அம்மா கேட்டிருக்கிறார். ஏணிக்குக் கீரை, இரும்பு மாத்திரை, தூக்கம் என்று எழுதி வைத்திருந்தாள் ஷ்ரேயா.

"பாம்புக்கு என்ன போடலாம் பாட்டி? உன் டைம்ல என்ன கஷ்டம்?"

"ஆபீசர் வீட்டுக் கம்பளி. தண்ணில நனைஞ்சா ஒரு ஆள் வெயிட்டு வரும். உங்கப்பன் வயித்துல இருக்கறப்ப எட்டாம் மாசம் வரைக்கும் கல்லுல அடிச்சுத் தொவைச்சேன்."

'கனமான பொருள் தூக்குதல்' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டாளாம். கம்பளி போய்விட்டது.

சரவணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த வேலை மட்டும் எனக்குக் கெடைச்சிருந்தா நான் ஏன் கம்பளி அடிக்கப்போறேன்? உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சிருப்பேன். நீ ஏன் பொம்மசந்திராவுல மிஷின் ஓட்டப்போற?"

தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். இடது முட்டி வலி. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அடுகோடியிலிருந்து என் தங்கை முத்தம்மாவின் பெண் வீணா அவள் அம்மாவின் ஆதார் கார்டை போனில் அனுப்பினாளாம், பென்ஷனுக்காக எதையோ கம்ப்யூட்டரில் ஏற்ற. ஷ்ரேயா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"பாட்டி, நீயும் சின்ன பாட்டியும் ட்வின்ஸா?"

"இல்ல. அவ எனக்கு மூணு வருஷம் சின்னவ."

"ரெண்டு பேருக்கும் ஜூன் ஒண்ணு போட்டிருக்கு."

எல்லோருக்கும் ஜூன் ஒன்றுதான். கார்ப்பரேஷன் தமிழ் ஸ்கூலில் எங்களைச் சேர்த்த வாத்தியார் யாரிடமும் பிறந்த தேதி கேட்க மாட்டார். வருஷத்தை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டு, ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். என் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். நான் பிறந்தது மார்கழியில். முத்தம்மா பிறந்தது ஆடியில், நல்ல காற்று அன்றைக்கு, கூரைத் தகரம் ஒன்று பறந்துபோனது. எனக்கு மூன்று வயது, ஞாபகம் இருக்கிறது.

ஷ்ரேயா கேட்கவில்லை. "இந்த வருஷம் ஜூன் ஒண்ணு சண்டே. உனக்கு எழுபது. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணிடலாம். நம்ம ஃபேமிலிக்கே ஒரு பாம்பு ஏணி வரையறேன்."

"பண்ணு. நான் அன்னைக்கு ஊருக்குப் போயிடுவேன்."

"எந்த ஊருக்கு?"

என் தாத்தா காலத்திலிருந்து பெங்களூரில் இந்தத் தொம்மலூர்தான். கோபித்துக்கொண்டு போகக்கூட எனக்கு ஒரு ஊர் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஏன் நான் முத்தம்மாவோடு பேசுவதில்லை என்று ஷோபா கேட்டாள். என் மருமகள். கோலார்ப் பெண், கன்னடக்காரி, இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம். இத்தனை நாள் கதையைப் பாதி பாதியாகக் கேட்டிருக்கிறாள். முழுதாகச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1979. கல்யாணமாகி நாலு வருஷம். அம்மா ஒரு ரூம், நானும் என் வீட்டுக்காரர் அசோகனும் பக்கத்து ரூம், ஒரே காம்பவுண்டு. நான் ஆபீசர் குவார்ட்டர்ஸில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேட்ரன் அம்மா அங்கே ஒரு வீட்டுக்கு வந்தவர் நான் துவைப்பதைப் பார்த்தார். "வார்டு வேலைக்கு ஒரு ஆள் எடுக்கிறோம். பெர்மனென்ட். சொல்லி அனுப்பறேன், வா" என்றார். எனக்கு. என் முகத்தைப் பார்த்து.

மார்ச் 10, சனிக்கிழமை. வேலை முடித்து வரும்போது ஆறு மணி. அம்மா வீட்டு வாசலில் எறும்பு வரிசை, அம்மா அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். முகம் நன்றாக இருந்தது. யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. தலைவலி என்றாள். மார்ச் 12, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முத்தம்மா என் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் வந்து சொன்னாள், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டதாம்.

எனக்கு வந்த வேலை. என் புடவையில்.

முப்பத்தெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். இன்று வரை பென்ஷன். நான் துவைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், கல்யாண மண்டபத்தில் இலை எடுத்தேன். அன்றிலிருந்து அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாவு வீட்டில்கூட, "அவங்களுக்குக் காபி கொடு" என்று வேறு யாரிடமாவதுதான் சொல்வேன்.

ஷோபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புடவை திரும்பி வந்ததா அத்தே?" என்றாள்.

வந்தது. துவைத்து, மடித்து. நான் கட்டவில்லை.

மே 3, சனி

குடும்ப அட்டை. ஷ்ரேயா ஒவ்வொருவரிடமும் ஏணி என்ன, பாம்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் நடந்த நல்லது ஏணி, கெட்டது பாம்பு. வீட்டுக்குப் பத்திரம் வந்தது, சரவணனுக்கு வேலை நிரந்தரமானது, ஷோபா வந்தது - இதெல்லாம் ஏணி. என் வீட்டுக்காரர் போனது எதிலும் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம்.

என்னிடம் கேட்டாள். சொல்லச் சொல்ல போனில் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"பாட்டி, இதுவரைக்கும் நாப்பத்தொரு பாம்பு ஆச்சு. ஏணி மூணுதான்."

"நான் என்ன பண்றது?"

"எட்டு பாம்புதான் போட முடியும். அதுக்கு மேல போட்டா யாரும் மேலயே போக முடியாது."

"அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

மே 4, ஞாயிறு

மற்ற நாற்பதும் வேண்டாம், முத்தம்மா எடுத்துக்கொண்ட வேலை ஒன்று போதும் என்றேன். எழுபத்தொன்பதாம் கட்டத்தில் தலை, பன்னிரண்டில் வால்.

ஷோபா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "பேடா அத்தே, வேண்டாம். விசேஷத்துக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு மூஞ்சில அடிக்கறதா? வயசான மனுஷி. அதைப் போட்டா நான் கேக்கும் வாங்க மாட்டேன், பிரியாணியும் செய்ய மாட்டேன்."

சரவணன் எழுந்து போய் மாடியில் தண்ணீர் டாங்கைப் பார்த்தான். அதில் தண்ணீர் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

ஷோபா சொல்வது நியாயம்தான். ஆனால் நாற்பத்தாறு வருஷமாக எல்லோரும் எனக்கு நியாயம்தான் சொல்கிறார்கள்.

மே 9, வெள்ளி

ஷ்ரேயாவுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் எழுத்தில் போடாமல், அவரவர் கட்டத்தை அவரவர் கையால் எழுதித் தர வேண்டும். அப்படியே படம் பிடித்துப் போடுவாளாம். சரவணனும் ஷோபாவும் கன்னடத்தில் எழுதினார்கள். ஷ்ரேயாவும் வீணாவும் இங்கிலீஷ். எனக்கு ஐந்து சீட்டு கொடுத்தாள், ஒவ்வொன்றிலும் கட்டத்தின் நம்பர்.

நான் மூன்றாம் வகுப்பு. முத்தம்மா ஐந்து. இந்தக் குடும்பத்தில் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் சரவணன் படித்தது கன்னட மீடியம், ஷ்ரேயா படித்தது இங்கிலீஷ் மீடியம். நான் எழுதும் இந்த டைரி - சரவணனின் கம்பெனி வருஷா வருஷம் தருவது - ஷெல்ஃபில் திறந்தே கிடக்கும். யாரும் படித்ததில்லை. படிக்கவும் முடியாது.

நாலு சீட்டில் நல்லபடியாக எழுதினேன். ஐந்தாவதில், 79 என்று போட்டிருந்த சீட்டில், 'தண்ணீர்க் குழாயில் வழுக்கி விழுந்தது' என்று எழுத வேண்டும் என்று பேச்சு.

நான் எழுதியது இது: '12-3-79 திங்கள். எனக்கு வந்த வேலையை என் தங்கை முத்தம்மா திருடிக்கொண்டாள்.'

"சூப்பரா இருக்கு உன் ஹேண்ட்ரைட்டிங்" என்றாள் ஷ்ரேயா.

மே 16, வெள்ளி

அட்டை வந்துவிட்டது. இரண்டு. ஒன்று நமக்கு, ஒன்று அடுகோடிக்கு. நல்ல கெட்டி அட்டை, மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. பாம்புக்குப் பச்சை நிறம் கொடுத்து, சிரிக்கிற மாதிரி வாய் வரைந்திருக்கிறாள். அதன் வாய்க்குப் பக்கத்தில் என் எழுத்து. அச்சில் பார்க்கும்போது என் எழுத்தா என்று இருந்தது.

படிக்கக்கூடிய ஒரே ஆள் ஒன்றாம் தேதி வந்து இதன் எதிரில் உட்காரப் போகிறாள்.

உட்காரட்டும்.

மே 20, செவ்வாய்

இரவெல்லாம் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். குழாயில் மட்டும் இல்லை.

மே 28, புதன்

ஷோபா எனக்குப் புடவை வாங்கி வந்தாள். அவளுக்கும் அதே மாதிரி ஒன்று. முத்தம்மாவுக்கு. நிறம் மட்டும் வேறு. நான் முதலில் பார்த்து நல்லதை எடுத்துக்கொண்டேன்.

மே 31, சனி

தூக்கம் வரவில்லை. எழுதியதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். எடுக்க வேண்டுமென்றால் என்ன எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

வேண்டாம். எழுதியது பொய் இல்லையே.

ஜூன் 1, ஞாயிறு

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வீணாவும் முத்தம்மாவும் ஆட்டோவில் வந்தார்கள். முத்தம்மா இளைத்திருக்கிறாள். மைசூர் பாக் கொண்டுவந்தாள். கதவருகில் நின்று ஷ்ரேயாவிடம், "அக்கா எப்படி இருக்குதுன்னு கேளும்மா" என்றாள்.

"உயிரோட இருக்கேன்னு சொல்லு" என்றேன்.

"முட்டி வலி எப்படியாம்?"

என் முட்டி வலி அவளுக்கு எப்படித் தெரியும்? நடையைப் பார்த்திருப்பாள். ஆஸ்பத்திரிக் கண். "அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லு."

"தமிழ்லேர்ந்து தமிழுக்கு டிரான்ஸ்லேட் பண்ற ஒரே ஆள் நான்தான்" என்றாள் ஷ்ரேயா. வீணா சிரித்தாள். கேக்கில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஒரே கத்தியை இரண்டு பேரும் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தோம். அவள் கை சில்லென்று இருந்தது.

பிரியாணி முடிந்து அட்டையை விரித்தார்கள். நான், முத்தம்மா, சரவணன், ஷ்ரேயா. ஷோபாவும் வீணாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்றவர்கள் எழுதியிருப்பதை உரக்கப் படிக்க வேண்டும், அது ஷ்ரேயா வைத்த சட்டம். கன்னடத்தைச் சரவணன் படித்தான், இங்கிலீஷை வீணா படித்தாள். தமிழ் வந்தால் நானோ முத்தம்மாவோ. முத்தம்மா சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

அவள் எழுபத்தொன்பதில் நிற்க வேண்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எண்பத்து மூன்றுக்குத் தாண்டிப் போய்விட்டாள்.

சரவணன் எழுபத்தைந்தில் இருந்தான். நாலு போட்டான்.

"அய்யோ பாம்பு" என்றான். "நம்ம அம்மா எழுத்து. இன்னா எழுதியிருக்கு சின்னம்மா?"

முத்தம்மா விரலை வைத்தாள். உதடு அசைந்தது. விரல் கடைசி வரை போய் நின்றது. தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை, சரவணனைப் பார்த்தாள்.

"எழுபத்தொன்பதுல," என்றாள் மெதுவாக, "சின்ன வயசுல நானும் அக்காவும் சேந்து அம்மாவோட நல்லெண்ணெய் பாட்டில ஒடைச்சிட்டோம். அடி வாங்குனது அக்கா மட்டும். அதான் எழுதியிருக்குது உங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். "எனக்குத் தெரியாம இது எப்ப?" என்றான் சரவணன்.

"எறங்குடா பன்னெண்டுக்கு" என்று அவன் காயைத் தானே எடுத்து வைத்தாள்.

அப்படி ஒரு பாட்டில் எங்கள் வீட்டில் உடைந்ததே இல்லை.

போகும்போது அவர்களுடைய அட்டையைச் சுருட்டாமல் புடவை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவும்போது ஷோபா சொன்னாள், "எண்ணெய் பாட்டில்தானா? நான் என்னமோ நெனைச்சு உங்களை வேற திட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க அத்தே."

ஜூன் 2, திங்கள்

ஏன் மாற்றிப் படித்தாள்?

என்னைக் காப்பாற்றவா? அவளிடம் யார் கேட்டது? வெட்கப்பட்டு மறைத்தாளா? வெட்கப்பட்ட முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. மைசூர் பாக் முழுவதையும் ஷ்ரேயா சாப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

அடுகோடிக்குப் போனேன். சொல்லாமல். ஆதாரைக் காட்டினால் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் சும்மாதான். ஜூன் ஒன்று என்று போட்ட அதே ஆதார்.

வீணா வேலைக்குப் போயிருந்தாள். முத்தம்மா மட்டும் இருந்தாள். நடுவில் நிற்க ஆள் இல்லை. நான் பஸ்ஸில் வரும்போது இதை யோசிக்கவில்லை.

வாசலிலேயே நின்று கேட்டேன். "ஏன் மாத்திப் படிச்சே?"

"மொதல்ல உள்ள வாக்கா. காலப் பாத்து வெய்யி, ஈரமா இருக்குது" என்றாள்.

உட்காரவில்லை நான்.

"கண்ணு சரியா தெரியலக்கா."

"பொய் சொல்லாத. ஒவ்வொரு எழுத்தா வெரல வெச்சுப் படிச்சே, பாத்தேன்."

"சரவணன் எதிர்ல உக்காந்திருந்தான்."

"இருந்தா? அவனுக்குத் தெரியாத கதையா? பொறந்ததுலேந்து கேக்கறான்."

"அதான்" என்றாள் முத்தம்மா. "பொறந்ததுலேந்து கேக்கறான்."

டீ போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னாள். அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த சனிக்கெழம லூர்துமேரி வந்தா, ஆஸ்பத்திரியில கூட்டறவ. உன்னைத் திங்கக்கெழம வரச்சொல்லி மேட்ரன் அனுப்புனாங்க. நீ வீட்ல இல்ல. நல்ல சேதி கொண்டாந்தவள வெறும் வாயோட அனுப்பலாமான்னு அம்மா வெல்லம் ஒடைச்சுக் குடுத்துது. குடுத்துட்டு சும்மா இருந்துதா? உனக்கு அப்பதான் மூணு மாசம் முடிஞ்சுது. மூணு மாசம் வெளிய சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கினு இருந்துது இல்ல? நாலு வருஷம் கழிச்சு தங்குன புள்ள. லூர்துமேரி கையப் புடிச்சிக்கினு, எம் பொண்ணு முழுகாம இருக்கா, வேலையும் வந்துடுச்சு, எல்லாம் ஒண்ணா வருதுன்னு சொல்லி அழுதுச்சுக்கா. நான் கூட நின்னேன். சனிக்கெழமயில சொல்ல வேணாம், மறுநாளு சொல்லிக்கலாம்னு உங்கிட்ட மறைச்சுது."

"அவ போயி மேட்ரன் கிட்ட சொல்லிட்டா. கெட்ட எண்ணத்துல இல்ல, சந்தோஷமாத்தான். ஞாயித்துக்கெழம நீ கடைக்குப் போன நேரத்துல திரும்பி வந்தா. மாசமா இருக்கறவள இப்ப எடுக்க மாட்டாங்களாம். தங்கச்சி இருந்தா அனுப்புன்னு சொன்னாங்களாம். அம்மா என் தலையில கைய வெச்சு, என்ன ஆனாலும் அக்காகிட்ட சொல்லாத, அவளுக்கு மனசுல ஒண்ணு விழுந்தா போவாது, வயித்துல இருக்கறது மேல வெறுப்பு வந்துடும், அது பொறந்து வளரணும்னு சொல்லிச்சு. புடவையும் அதுதான் எடுத்துக் குடுத்துது."

டீ ஆறிவிட்டது.

எறும்பு. வாசலில் எறும்பு வரிசையாகப் போனது. அம்மா துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். முகம் நன்றாக இருந்தது. நாற்பத்தாறு வருஷமாக எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட எறும்பை விட்டுவிட்டுச் சொன்னதில்லை. எதற்கு வந்தது என்று மட்டும் கேட்டதில்லை.

"அம்மா போயி இருபத்தோரு வருஷமாச்சு" என்றேன். "அப்பறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ரெண்டு தடவ வந்தேன். நீ கதவத் தொறக்கல."

உண்மைதான். ஒன்று அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள். இன்னொன்று அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள். உள்ளே உட்கார்ந்து அவள் தட்டியதை எண்ணினேன். முதல் தடவை ஐந்து தட்டு. அடுத்த தடவை மூன்று.

"அப்பறம் பாத்தேன்," என்றாள். "அவன் பெரியவனாயிட்டான். தெரிஞ்சா நீ அவன்கிட்ட சொல்லாம இருப்பியா? உன் வாய் எனக்குத் தெரியாதா? எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கு என்ன, பென்ஷன் வருது."

அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குக் கோபம் வந்தது. நல்லவேளை, வந்தது. இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

கட்டில் மேல் அந்த அட்டை இருந்தது. "பேனா குடு, அடிச்சிடறேன்" என்றேன்.

"மேல பிளாஸ்டிக் ஒட்டியிருக்கா. எழுத்து பிடிக்காது. விடு."

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். பஸ் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

ஜூன் 7, சனி

ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன். வெல்லம் உடைத்துக் கொடுத்தவள் மேல் எப்படிக் கோபப்படுவது? லூர்துமேரி மேல்? அவள் முகம்கூட நினைவில் இல்லை. எனக்கு நினைவில் இல்லாத முகம் ஒன்று இருக்கிறது.

சரவணனுக்கு மத்தியானம் சாப்பாடு போட்டேன். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அவன் ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் ஸ்கூல் கேட்டபோது. டிப்ளமாவைப் பாதியில் விட்டபோது. முதல் ஷிப்ட் முடிந்து கையில் கொப்புளத்தோடு வந்தபோது. ஷோபா எதிரில். ஷ்ரேயா பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில். ஏப்ரல் மாதம் ரசம் சோற்றின் மேல். 'அந்த வேலை மட்டும் கிடைத்திருந்தால்.' எல்லாம் தேதியோடு வருகிறது. நிறுத்து என்றால் நிற்கவில்லை.

அந்த வேலை கிடைத்திருந்தால் இவன் இல்லை என்று அர்த்தமா? இல்லை. இவன் வந்ததால் அது இல்லை. அவ்வளவுதான். அதை அவனிடமே, அவன் முகத்துக்கு நேராக, நாற்பத்தாறு வருஷம் -

"இன்னாம்மா, உப்பு இல்லையா? என் தட்டையே பாக்கற" என்றான்.

"உப்பு சரியா இருக்குதா?"

"இருக்குதும்மா."

ஜூன் 12, வியாழன்

ஷ்ரேயா கேட்டாள், "எண்ணெய் பாட்டில் கதைய எனக்கு முழுசா சொல்லு பாட்டி." சொன்னேன். பாட்டில் எந்த அலமாரியில் இருந்தது, யார் தள்ளினோம், அம்மா எதால் அடித்தாள், எல்லாம். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் நடக்காத ஒன்றை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 15, ஞாயிறு

வீணாவின் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் அடிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

அடித்தேன். முத்தம்மாதான் எடுத்தாள். "மழையா அங்க?" என்றேன். "இல்லக்கா, தூறல்" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "வெச்சிடறேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

க்ளினிக் அட்டை முடிந்தது. டாக்டர் அம்மாவுக்குப் பிடித்துப்போய் இன்னும் ஐம்பது கேட்டிருக்கிறாராம். ஷ்ரேயா எல்லோருக்கும் மசால் தோசை வாங்கி வந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

முத்தம்மா வந்தாள். சரவணனே ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தான். ஹெல்மெட் போடச் சொல்லித்தான் அனுப்பினேன், இரண்டு பேரும் போடாமல்தான் வந்தார்கள்.

மத்தியானம் டிராபிக் அட்டையை எடுத்து ஆடினோம். நான், முத்தம்மா, சரவணன். முத்தம்மாவுக்கு நாலு விழுந்தது, ஐந்து நகர்ந்தாள், நேராக மெட்ரோ ஏணியில் ஏறினாள்.

"நாலுதான் விழுந்துச்சு. எறங்கு" என்றேன்.

"அஞ்சுக்கா."

"நாலு. அம்பத்தாறுல இருந்தே. அறுபதுல நிக்கணும். ஏணி அறுபத்தொண்ணுல."

"வயசானவள ஒரு ஏணி ஏற விட மாட்டியா?"

"எனக்கு உன்னை விட மூணு வயசு அதிகம்."

இறங்கினாள். முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினாள்.

சரவணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நேருக்கு நேர் நாங்கள் பேசி அவன் பார்த்ததில்லை. பயந்து பயந்து, விளையாட்டு போலக் கேட்டான். "ஏம்மா, இன்னைக்கு அந்த வேலைக் கதைய எடுக்கலையா? சின்னம்மா எதிர்லயே உக்காந்திருக்குது."

"எந்த வேலை?" என்றேன்.

"அதாம்மா. ஆஸ்பத்திரி. எழுபத்தொன்பது."

"என்னமோ. எனக்கு நெனவில்ல. உருட்டு, உன் ஆட்டம்தான்."

அவன் உருட்டவில்லை. என் முகத்தையே பார்த்தான். முத்தம்மா குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

பிறகு அவன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஷோபாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு போல ஷோபா. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டர். லீவு போட்டுவிட்டு அவனே கூட்டிக்கொண்டு போகிறானாம்.

டாக்டர் தேதி கேட்பாராம், கிழமை கேட்பாராம், பழைய விஷயம் ஏதாவது கேட்பாராம், ஷ்ரேயா சொன்னாள். எதையெல்லாம் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று நாளைக்குள் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.